மாப்பிள்ளையின் கடி

நாய் வீட்டுச் சாமான்களைக் கடிப்பதை நிறுத்துவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று சொல்லிச் சொல்லியே அதன் வாயையும் நாம் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம். வால் வேறு, வாய் வேறு. வாயைத் திருத்தலாம். நாயின் வாயைத்தான் சொல்கிறேன். மனிதர்களின் வாயைப் பற்றி எனக்குத் தொழில்முறையில் தெரிந்தது மட்டும்தான் தெரியும்.

நான் பல்செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். எங்கள் லேபில் அதைப் பார்த்து மெழுகில் பல்லடுக்கி, வார்த்து, தேய்த்து, செட்டாக்கித் திருப்பி அனுப்புவோம். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எப்படிப் பொருந்துகின்றன என்பதற்கு எங்கள் பாஷையில் ‘கடி’ என்று பெயர். கடி எடுத்தாச்சா, கடி தூக்கலா இருக்கே, இப்படித்தான் அங்கே நாள் முழுக்கப் பேச்சு. என் கணவர் சொல்லும் நகைச்சுவைக்கும் அதே பெயர்தான். கல்யாணமான புதிதில், “நீ கடி எடுக்கறவ, நான் கடி குடுக்கறவன். பொருத்தம் பாத்துத்தான் முடிச்சிருக்காங்க” என்றார். நான் சிரித்தேன். முதல் ஒன்றிரண்டு வருடம் எல்லாவற்றுக்கும் சிரித்தேன். பிறகு சிரிக்காமல் இருப்பதே எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது.

அவர் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தார். வீட்டுக்கு வீடு மீட்டர், வீட்டுக்கு வீடு நாய். அவருடைய கெண்டைக்காலில் பல வீட்டு நாய்களின் கையெழுத்து இருந்தது. சாயங்காலம் ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு எனக்குப் பாடம் நடத்துவார். “இது பாரு, நாலு ஓட்டை. பல்லு நேரா உள்ள போய் நேரா வெளிய வந்திருக்கு. பயந்த நாயி, கடிச்சதும் விட்டுட்டு ஓடிருச்சு. இது கிழிசல். பிடிச்சு இழுத்திருக்கான், கோவக்காரன்.” தழும்பைப் பார்த்தே எந்த வீட்டு நாய் என்று சொல்லிவிடுவார். நானும் கவனமாகக் கேட்டுக்கொள்வேன். கேட்ட எதுவும் வீண்போவதில்லை.

ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு நாய்க்குட்டியோடு வந்து நின்றார். “இத்தன வருஷம் பகையா இருந்தாச்சு. இனிமே சம்பந்தம் பண்ணிக்குவோம்” என்றார். சம்பந்தம் என்று ஆனதால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். எங்களுக்குப் பிள்ளை இல்லை, மாப்பிள்ளை வேறு வழியில் வரப்போவதும் இல்லை. பெயர் அச்சாகப் பொருந்தியது. வேலைவெட்டி கிடையாது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார், வேளாவேளைக்குத் தட்டு நிறைய வேண்டும், மரியாதையும் குறையக் கூடாது. “மாப்பிள்ளை சாப்ட்டாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் என் கணவர் கை கழுவுவார். நானும் அந்தப் பன்மைக்குப் பழகிவிட்டேன். வளர்கிற வயதில் மாப்பிள்ளை ஒரு மீட்டரின் இரும்பு மூடியைக் கடித்துக் கீழ் வரிசையில் இடதுபக்கக் கோரைப்பல்லை உடைத்துக்கொண்டார். என் கணவரின் நண்பரான கால்நடை டாக்டர் வந்து மிச்சத்தைப் பிடுங்கினார். “நம்ம வீட்லயே பல்லு கட்டறவ இருக்கா, கவலப்படாதீங்க மாப்பிள்ள” என்றார் என் கணவர். அது அவருடைய நல்ல கடிகளில் ஒன்று.

போன வருடம் மழை விட்ட ஒரு காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நான் சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். “ஏய், பல்லுக்கும் பல்லிக்கும் என்ன வித்தியாசம் தெரியுமா?” என்று கேட்டார். பல்லி என்பது நான். பல் வேலை செய்கிறவள் என்பதால், கல்யாணத்தன்றே என் நாத்தனார் வைத்த பெயர். “என்ன?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து இன்னொரு டம்ளரையும் கழுவிவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் மாப்பிள்ளை கடிக்க ஆரம்பித்தார். முதலில் பிரம்பு நாற்காலியின் கால். அப்புறம் துடைப்பம், கால்மிதி, ரேடியோவின் வயர், என் இடதுகால் செருப்பு. வலதைத் தொடவில்லை. துக்கத்திலும் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது.

நாத்தனார் வந்தது அந்தச் சமயத்தில். என் கணவரின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவர், பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். “ஒரு வாரம் தொணைக்கு இருந்துட்டுப் போறேன் பல்லி” என்று வந்தார். அவர் கொண்டுவந்த பெட்டிகளைப் பார்த்தபோது அந்த வாரம் நீளமானது என்று தெரிந்தது. வந்த அன்றே கடிகாரத்தை இடம் மாற்றினார். மறுநாள் சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். மூன்றாம் நாள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அக்கா, அது அவரோடது” என்றேன்.

“தெரியும். அவன் எடம் காலியா கெடந்தா உனக்குத்தான் பாக்கப் பாக்கக் கஷ்டம். நான் உக்காந்தா கண்ணுக்கு நெறவா இருக்கும்ல?”

இல்லாத இடத்தை நிரப்புவதுதான் என் பிழைப்பும். அதில் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

மாப்பிள்ளை அன்று சாயங்காலமே நாத்தனாரின் செருப்பை, இரண்டு காலையும், முடித்துவிட்டார். “இந்த நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றார் நாத்தனார். நாயை மரியாதைப் பன்மையில் அவர் ஒருநாளும் பேசியதில்லை. “நாய்க்கு எதுக்குடி ர் விகுதி?” என்பார். நான் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் என் கணவரை அண்ணன் என்பார், அதனால் நான் அண்ணி.

“அண்ணி, அது கோவத்துல கடிக்கல. அலுப்பு, துக்கம். வாயக் கட்டாதீங்க. வாய்க்கு வேற வேல குடுங்க” என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. உங்கள் வீட்டிலும் நாய் கடித்தால் இதையே செய்யுங்கள். மிளகாய்ப்பொடி வேண்டாம். பொடி தடவிய மேஜைக்காலை மாப்பிள்ளை தொட்டுக்கொள்ள ஏதோ வைத்ததுபோல ரசித்து நக்கினார். எங்கள் தொழிலில் புழங்கும் கிராம்புத் தைலம் கைகொடுத்தது. அந்த வாசனை வந்தால் பல் டாக்டரைப் பார்த்த மனிதர்களைப் போல அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முடிச்சுப் போட்ட துணியை நனைத்துக் குளிர்பெட்டியில் வைத்து மெல்லக் கொடுத்தேன். வாயில் எதையாவது கவ்வினால் பிடுங்கக் கூடாது, துரத்தக் கூடாது. “விடுங்க” என்று ஒருமுறை சொல்லி, விட்டதும் அதைவிட நல்லதாக ஒன்றைத் தர வேண்டும். நல்ல நடத்தையை அந்த நொடியே பாராட்ட வேண்டும், தாமதித்தால் எதற்குப் பாராட்டு என்று அவர்களுக்குத் தெரியாது. காலையும் மாலையும் என் கணவர் மீட்டர் பார்த்த தெருக்களில் நடத்திக்கொண்டு போனேன். ஒவ்வொரு கேட்டிலும் நின்று முகர்ந்து, திருப்தியாகி, அடுத்த கேட்டுக்குப் போவார். அங்கெல்லாம் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

கடைசியாக, அவர் வாய்க்குத் தோதாக ஒரு ரப்பர் கட்டை செய்யலாம் என்று மெழுகை இளக்கிக் கடிக்கக் கொடுத்து அச்சு எடுத்தேன். மேல் வரிசை, கீழ் வரிசை, அதில் இடதுபக்கம் கோரைப்பல் போன ஓட்டை, எல்லாம் தெளிவாகப் பதிந்தது. எந்த நோயாளியும் அவ்வளவு சந்தோஷமாகக் கடி கொடுத்ததில்லை. அதில் பிளாஸ்டர் ஊற்றி அளவு பார்த்து ரப்பர் கட்டை செய்தேன். அதோடு அவர் கடிப்பது அடியோடு நின்றது.

நின்றதுதான் வினையாகப் போயிற்று. ஒருநாள் சாப்பிட்டுவிட்டு எழுந்த நாத்தனார், தரையில் ரப்பர் கட்டையோடு கிடந்த மாப்பிள்ளையை வார்டன் பார்வையில் அளந்தார்.

“நாய் திருந்திடுச்சு பல்லி. இனிமே எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல. என் வீட்ட வாடகைக்கு விட்டுட்டு மொத்தமா இங்கயே வந்துடலாம்னு இருக்கேன். நீயும் எத்தன நாள் தனியா இருப்ப?”

“நல்லதுக்கா” என்றேன்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எந்தப் பல்லும் ஓரளவுக்குத்தான் தாங்கும், தொழில்காரிக்கு அது தெரியும். அதற்கு மேல் வேறு பல் வேண்டும்.

பிளாஸ்டர் அச்சு வீட்டிலேயே இருந்தது. அதை வைத்து மெழுகில் இரண்டு வரிசையும் செதுக்கினேன். நாய்ப்பல் நம் பல்லைவிடச் செதுக்கச் சுகமானது, ஒளிவுமறைவு இல்லாத பல். உலோகத்தில் வார்க்க லேபுக்கு எடுத்துப் போனேன். முதலாளி கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

“யாருக்கும்மா இது?”

“எங்க மாப்பிள்ளைக்கு.”

“உங்களுக்குப் பொண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாதே. மாப்பிள்ள பெரிய வாய்க்காரரோ?”

“பேச மாட்டாருங்க. சாப்பாட்டுக்கு மட்டும்தான் வாயத் தெறப்பாரு.”

“குடுத்து வச்சவங்க” என்று அன்றைய கிரவுன்களோடு சேர்த்து வார்த்துக் கொடுத்தார். என் கணவரின் நீளக் குறட்டின் இரண்டு தாடையிலும் அதைப் பொருத்தினேன். பல்வரிசையில் ஒரு குறை இல்லாமல், முழுசாக, அழகாக வந்திருந்தது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் என் கையிலிருந்து போன வேலைகளில் அதுவும் ஒன்று என்பதில் எனக்குப் பெருமைதான்.

முதலில் கடித்தது ஒரு கிளியை. நாத்தனார் பிரம்பு நாற்காலியில் போட்டிருந்த மெத்தையில் நூலால் தைத்த கிளி. பிறகு அவருடைய கைப்பை வார், கம்பளிச் சால்வை, கண்ணாடிக்கூடு, ஜன்னலில் வைத்திருந்த பிளாஸ்டிக் பூக்கள். அவசரப்படவில்லை. நாயின் கடியில் ஓர் ஆர்வம் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தினால் அது குறட்டின் கடி, நகர்ந்து நகர்ந்து மென்றால்தான் நாயின் கடி. எச்சில்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது. மாப்பிள்ளை மென்று நனைத்த துணியால் ஒற்றி எடுத்துச் சமாளித்தேன்.

முடிந்ததும் சாமானை மாப்பிள்ளை முன்னால் போடுவேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வார். நன்றாகப் பழக்கப்பட்ட நாய். கடிக்காமல் விட்டதற்காக உடனே ஒரு பிஸ்கட் கொடுத்துப் பாராட்டுவேன். அந்த ஒழுங்கில் மட்டும் நான் ஒருநாளும் தவறவில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு குணம் உண்டு. யார் குரலை உயர்த்தினாலும் காதைத் தொங்கவிட்டு, கண்ணை மேலே தூக்கி, எல்லாம் என்னால்தான் என்பதுபோல நிற்பார். குற்றம் செய்தவர்களுக்குக்கூட அப்படி நிற்க வராது. எனக்கு வரவில்லை. “பாரு, மூஞ்சியப் பாரு, திருட்டு மூஞ்சி” என்று நாத்தனார் அவரைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கட்டுவார். நான் வருத்தத்தோடு, “நாய் வாலை நிமிர்த்த முடியுமாக்கா?” என்பேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ஒரு மழைநாளில் மாப்பிள்ளை வெளியே நனைந்துகொண்டு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நாய்கள் அப்படித்தான், கோபித்துக்கொள்ளாது. அதனால் எனக்கும் பெரிய சிரமம் இருக்கவில்லை.

என் கணக்கு இதுதான்: சாமான்கள் போகப் போக நாத்தனார் சலித்துப்போவார், பெட்டியைக் கட்டுவார். ஆனால் விடுதிப் பெண்களைக் கட்டி மேய்த்தவரை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். அவர் பெட்டியைக் கட்டவில்லை. போன் செய்தார். ஊருக்கு வெளியே கிடங்கு வைத்திருக்கும் ஒருவருக்குக் காவலுக்கு நாய் வேண்டுமாம்.

“சங்கிலி போட்டுக் கட்டி வச்சுக்குவாராம். அங்க கடிக்கறதுக்கு இரும்பும் சிமென்ட்டும்தான். ஞாயித்துக்கெழம வண்டி வரும், பல்லி. மனசத் தேத்திக்கோ.”

நான் யோசித்தேன். சாமானைக் கடிக்கிற நாய் என்றால் வீட்டிலிருந்து நாயை அனுப்புவார்கள். ஆளைக் கடிக்கிற நாய் என்றால் ஆள் தானாகவே போய்விடும். பயம் சலிப்பைவிட வேகமாகப் பெட்டி கட்டும். எனக்கு அது நியாயமாகப் பட்டது. மாப்பிள்ளையைச் சங்கிலியிலிருந்து காப்பாற்ற வேறு வழி இல்லை. அவருக்காகத்தான் செய்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நாத்தனார் மத்தியானம் சாப்பிட்டதும் அந்த நாற்காலியில் கால் நீட்டி, கண்ணில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். நான் குறட்டைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தேன். சுத்தத்தில் நான் குறை வைப்பவள் இல்லை. மாப்பிள்ளையை உள்ளே அழைத்துவந்து நாற்காலியின் பக்கத்தில் உட்கார வைத்தேன். பிறகு என் கணவர் சொன்ன அந்த முதல் வகை: நேராக உள்ளே, நேராக வெளியே, இழுக்கக் கூடாது. பயந்த நாயின் கடி.

நாத்தனார் கத்திக்கொண்டே கண்ணிலிருந்த துண்டை விலக்கியபோது நான் சமையலறையில் இருந்தேன். குறடு பாத்திரத்துக்குள் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் இருந்த இடத்திலேயே, காதைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊசிகள் போட்டார்கள், இன்னும் சில தடவை வரச் சொன்னார்கள். அவற்றுக்குத் தேவை இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் அதை எப்படிச் சொல்வது? அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டார். “நீ மட்டும் இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுப்பார் என்று பார்த்தேன். அவர் போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“இனிமே கெடங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். கடிச்ச நாய வச்சிருக்கக் கூடாது. டாக்டர வரச் சொல்லு. ஊசி போட்டு முடிச்சிறலாம்.”

டாக்டர் பையோடு வந்தார். மாப்பிள்ளை வாலை ஆட்டி வரவேற்றார். பை எதற்கு என்று அவருக்குத் தெரியாது. டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். அவர் அந்தப் பையைத் திறந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். வாயைத் திறந்தேன் என்பது நினைவிருக்கிறது.

“அக்கா, கடிய ஒரு தடவ பாத்துர்றேன்” என்றார் டாக்டர்.

நாத்தனார் கட்டைப் பிரித்துக் காலை நீட்டினார். டாக்டர் குனிந்து பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார். நிமிராமலே சொன்னார்:

“இதுல ஒரு பல்லு அதிகமா இருக்கே.”

“என்னது?”

“மேல ரெண்டு, கீழ ரெண்டு, நாலு கோரப்பல்லும் பதிஞ்சிருக்கு. இவனுக்குக் கீழ எடது பக்கம் பல்லே கெடயாது. நான்தான் புடுங்கினேன்.”

“மொளச்சிருக்கும்.”

“போன பல்லு மொளைக்காதுக்கா. கட்டினாத்தான் உண்டு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மாப்பிள்ளை டாக்டர் கையை நக்கிக்கொண்டிருந்தார். நாத்தனார் நாயைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு தலையைத் திருப்பி என் கைகளைப் பார்த்தார். நானும் அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். மெழுகில் அந்தப் பல்லை எப்போது வைத்தேன் என்று யோசித்தால் நினைவே வரவில்லை. வேண்டுமென்று வைக்கவில்லை. இத்தனை வருடங்களாக ஓட்டையைக் கண்டால் அடைத்தே பழகிய கை. எங்கள் தொழிலில் இருக்கும் யாராக இருந்தாலும் அந்தத் தப்பைச் செய்திருப்பார்கள். வேறு யாருக்கும் செய்யத் தோன்றியிருக்காது.

“பல்லி” என்றார் நாத்தனார். கத்தவில்லை. ஒரு பொருளுக்கு அதன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று சாயங்காலமே பெட்டிகளைக் கட்டினார். நாய்க்குப் பயப்படாதவர் எனக்குப் பயந்தார். நான் பக்கத்தில் போய் உதவலாமா என்று கேட்டபோது சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். வாடகைக் கார் வந்து நின்றது. வாசற்படியில் நின்று, உள்ளே நாற்காலி இருந்த பக்கம் பார்த்துப் பேசினார்.

“அந்த நாற்காலில உக்காந்தா அவன் வாசன வரும். அதுக்குத்தான் உக்காந்தேன். உன் எடத்தப் பிடிக்க இல்ல.”

நான் கேட்டுக்கொண்டேன். மாப்பிள்ளையும் அதற்காகத்தான் அதன் காலைக் கடித்திருக்க வேண்டும். உண்மையாக இருக்கலாம்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கினார். “பல்லுக்கும் பல்லிக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டுட்டுப் போய்ட்டான்னு எல்லார்கிட்டயும் சொல்லி அழுதியே. அது உன் கல்யாணத்தன்னிக்கு நானும் அவனும் சேந்து கட்டுன கடி. எங்கிட்டக் கேட்டிருந்தா மீதியச் சொல்லியிருப்பேன்.”

அப்போதாவது கேட்டிருக்கலாம். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கூட. பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அது அப்படியொன்றும் பிரமாதமான கடியாக இருந்திருக்காது.

டாக்டர் மறுநாள் வந்தார். “அத எங்கிட்டக் குடுத்துடுங்க அண்ணி” என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. குறட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். அவரை அறியாமல், “என்னா வேலைப்பாடு” என்று வாயில் வந்துவிட்டது. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, “இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு அண்ணன் மேல சத்தியம் பண்ணுங்க” என்றார். அக்காவின் காலை மறுபடி தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அதை இன்றுவரை காப்பாற்றுகிறேன்.

மாப்பிள்ளை நலம். உள்ளேதான் படுக்கிறார். எதையும் கடிப்பதில்லை. தெருவில் நாய் வைத்திருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள், நானும் கிராம்புத் தைலத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்கிறேன். நாற்காலி ஜன்னலோரம் இருந்த இடத்திலேயே காலியாக இருக்கிறது. எனக்கு அது கஷ்டமாக இல்லை. காலையில் டம்ளர் கழுவும்போது அந்தப் பக்கமிருந்து அந்தக் கேள்வி வரும். “என்ன?” என்று கேட்டுவிட்டு அடுத்த டம்ளரை எடுப்பேன்.

டாக்டர் நல்ல மனிதர். நான் தனியாக இருக்கிறேன் என்று கவலைப்பட்டுச் சாயங்காலங்களில் வந்து பார்க்கிறார். மாப்பிள்ளையின் காதைப் பார்ப்பார், என்னிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்பார், தேநீர் குடிப்பார். முதலில் எல்லாம் நின்றுகொண்டே பேசுவார். அப்புறம் ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தார். போன வாரம், கால் வலிக்கிறது என்று, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அண்ணன் கேட்ட அந்தக் கடி இருக்கே, அதுக்கு எனக்கு ஒரு பதில் தோணுது அண்ணி” என்றார், காலை நீட்டிக்கொண்டு. “பல்லு ஆடினா விழுந்துரும். பல்லி ஆடினாலும்...”

“தேநீர் ஆறுது” என்றேன்.

நேற்றும் வந்தார். நேற்றும் அங்கேதான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார், நாள் முழுக்க வேலை பார்க்கிறவர். மாப்பிள்ளை வழக்கம்போல நாற்காலியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்து போய் அடுப்பில் வெந்நீர் வைத்தேன்.

டாக்டர் குறட்டைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், அச்சைக் கேட்கவில்லை. புதிதாக ஒரு செட் வார்த்து இன்னொரு குறட்டில் பொருத்தி வைத்திருக்கிறேன். இந்த முறை ஓட்டையை ஓட்டையாகவே விட்டுவிட்டேன்.